கிரகாமா, பால்மரா, ஓஹிகின்ஸா? ஒரே நிலத்துக்கு ஏன் இத்தனை பெயர்

வாசகர் ஒருவரின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் பழைய ஆங்கிலேய அட்லஸில், அண்டார்டிகாவிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி நீளும் வாலுக்குக் ‘கிரகாம் லேண்ட்’ என்று போட்டிருக்கிறது. ஒரு பழைய அமெரிக்க வரைபடத்தில் அதுவே ‘பால்மர் தீபகற்பம்’. இப்போது தேடினால் ‘அண்டார்டிக் தீபகற்பம்’ என்று வருகிறது. ஸ்பானிய வரைபடங்களில் ‘ஓஹிகின்ஸ்’, ‘சான் மார்ட்டின்’ என்று வேறு. எல்லாம் ஒரே இடமா, மகள் பள்ளிக்கு வரையும் படத்தில் எதை எழுதுவது, பனியை எடுத்துவிட்டால் அது தீபகற்பம்தானா?

ஒரே இடம்தான், கிட்டத்தட்ட. அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்குள் ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. பெயர் வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் பார்ப்பது தீவா, கண்டமா, நடுவில் கடல் புகுந்திருக்கிறதா என்பதே தெரியாது. எல்லாவற்றையும் பனி மூடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு ஓரத்தைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். எது எதோடு சேர்ந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். அண்டார்டிகாவின் நிலப்பரப்பில் வடகோடி முனை இந்தத் தீபகற்பத்தில்தான் இருக்கிறது. பிரைம் ஹெட் என்று பெயர், தெற்கு அட்சரேகை 63 டிகிரி 13 நிமிடம். அங்கிருந்து டிரேக் நீரிணையைத் தாண்டித் தென் அமெரிக்காவின் தியேரா தெல் ஃபுவேகோ சுமார் 1,000 கி.மீ. முனையிலிருந்து கண்டத்தோடு சேரும் அடிப்பகுதிவரை தீபகற்பத்தின் நீளம் சுமார் 1,300 கி.மீ. பலர் கவனிக்காத ஒன்று: இதன் வடபகுதி துருவ வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. கடுங்குளிர்காலத்திலும் அங்கே சூரியன் சிறிது நேரமாவது தலைகாட்டிவிட்டுத்தான் போகும்.

இதன் உடலமைப்பை மீனின் முள்ளோடு ஒப்பிடலாம். நடுவே நீளவாக்கில் ஒரு மலை முதுகு, அதன் உச்சியில் பனி மூடிய பீடபூமி. அங்கிருந்து இருபக்கமும் பனியாறுகள் செங்குத்தாகக் கடலுக்கு இறங்குகின்றன. வடக்கே சில இடங்களில் கரைக்குக் கரை 50 கி.மீ.கூட வராது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர் கடலுக்கடியில் ஒரு பெரிய வில்லாக வளைந்து, தெற்கு ஜார்ஜியா, தெற்கு சாண்ட்விச், தெற்கு ஓர்க்னி தீவுகளாக அங்கங்கே தலையை நீட்டிவிட்டு, இங்கே வந்து மறுபடி மலையாக எழுகிறது. மிக உயர்ந்த சிகரம் ஹோப், 3,239 மீட்டர். பல காலம் 3,184 மீட்டர் ஜாக்சன் சிகரம்தான் இந்த வட்டாரத்தின் உச்சி என்று எண்ணியிருந்தார்கள். 2017-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து மறுபடி அளந்தபோது ஹோப் 55 மீட்டர் கூடுதல் என்று தெரிந்தது. மலையின் உயரமே அண்மைவரை சரியாகத் தெரியாத ஊரில் பெயர்கள் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

இந்த மலை முதுகு வெறும் அலங்காரம் இல்லை. மேற்குக் கரைக்கு ஒரு வானிலை, கிழக்குக் கரைக்கு இன்னொன்று. மேற்கே ஈரக்காற்று, கொட்டும் பனி, கோடையில் கப்பல் போகும் கடல். கிழக்கே வெட்டெல் கடல், பல டிகிரி கூடுதல் குளிர், ஆண்டில் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும். 1915-இல் ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பலை நொறுக்கியது இந்தக் கடல்தான். சில சமயம் மேற்குக் காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிவிடும். 2020 பிப்ரவரி 6 அன்று வடமுனையருகே உள்ள எஸ்பெரான்ஸா தளத்தில் 18.3 டிகிரி செல்சியஸ் பதிவானது அப்படித்தான். கண்ட நிலப்பரப்பில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட உச்சம் அது.

சரி, பெயர்களுக்கு வருவோம்.

1820 ஜனவரி 30. அயர்லாந்தின் கார்க் பகுதியில் பிறந்த எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர், ‘வில்லியம்ஸ்’ என்ற சரக்குக் கப்பலில் வந்து தீபகற்பத்தின் நுனியைப் பார்க்கிறார். ‘டிரினிட்டி லேண்ட்’ என்று பெயர் வைக்கிறார். அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது, ஆனால் நுனிப் பகுதிக்கு மட்டும்: டிரினிட்டி தீபகற்பம். தீபகற்பத்துக்குள் ஒரு தீபகற்பம்! அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து சீல் வேட்டைக்கு வந்த நத்தானியல் பால்மர் ‘ஹீரோ’ என்ற சிறு பாய்மரக் கலத்தில் அதே பக்கம் போகிறார். வயது 21. அதற்கு மூன்று மாதம் கழித்து ரஷ்யக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹவுசன் அவரைக் கடலில் சந்தித்துப் பேசியதும் உண்மை. ஆனால் அந்தச் சந்திப்பில் ‘இந்த நிலத்துக்கு உன் பெயரையே வைக்கிறேன்’ என்று ரஷ்யர் சொன்னதாக அமெரிக்காவில் ஒரு கதை ஓடியது. பெல்லிங்ஸ்ஹவுசன் எழுதிய பயணக் குறிப்பில் சந்திப்பு இருக்கிறது, அந்த வார்த்தை இல்லை. யார் முதலில் பார்த்தார் என்ற சண்டையை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. தேதிப்படி பிரான்ஸ்ஃபீல்டு பால்மருக்குப் பல மாதம் முந்தியவர். அதற்கு மேல் போனால் அது வரலாறு இல்லை, ஊர் அபிமானம்.

1832-இல் ஜான் பிஸ்கோ வருகிறார். இவரும் சீல் வேட்டைக் கம்பெனியின் கப்பல் தலைவர்தான். மேற்குக் கரை ஓரமாக வடக்கே வந்து, கண்டத்தின் நிலம் என்று நினைத்து ஒரு தீவில் இறங்கி, பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியம் பெயரால் உரிமை கொண்டாடுகிறார். இறங்கியது இன்றைய ஆன்வெர்ஸ் தீவு. தூரத்தில் தெரிந்த மலைநிலத்துக்கு அப்போதைய கடற்படை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாமின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரகாம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆக ‘கிரகாம் லேண்ட்’ என்பது லண்டனில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் பெயர்.

1838-இல் பிரெஞ்சுக்காரர் துமோன் துர்வில் வந்து நுனிப் பகுதிக்குத் தன் மன்னர் பெயரில் ‘லூயி பிலிப் லேண்ட்’ என்று வைத்தார். பத்தே ஆண்டில் மன்னர் பதவி இழந்தார். பெயரும் சுருங்கிச் சுருங்கி இன்று ஒரு பீடபூமிக்கு மட்டும் நிற்கிறது.

அரசர், அமைச்சர் பெயர்களைவிட எனக்குப் பிடித்தவை சின்னச் சின்னப் பெயர்கள். 1898 ஜனவரியில் பெல்ஜியப் பயணக் குழுவின் ‘பெல்ஜிகா’ கப்பல் மேற்குக் கரையை நெருங்கும்போது பெரும் புயல். தளத்தில் ஏறிய தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைத்துக்கொண்டன. அதைச் சுத்தம் செய்யப் போன நார்வே மாலுமி, இருபதைத் தாண்டினாரோ இல்லையோ என்ற வயது, அலையோடு கடலில் விழுந்தார். கப்பலின் வேகம் அளக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தவர்கள் கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தார்கள். துணைத்தலைவர் லெக்வாந்த் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். கை நழுவிவிட்டது. அந்த மாலுமி வீன்கே. இன்று அந்தத் தீபகற்பத்துக்கு வரும் பயணக் கப்பல்களில் கணிசமானவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் லாக்ராய் துறைமுகம் இருப்பது வீன்கே தீவில்தான். அதே பயணத்தில் குளிர்காலத்தில் கப்பலிலேயே இறந்த டான்கோவின் பெயர் ஒரு கரைக்கு. கப்பலின் பெயர் ஒரு பூச்சிக்கு: அண்டார்டிகாவின் நிலத்திலேயே பிறந்து நிலத்திலேயே சாகும் விலங்குகளில் மிகப் பெரியது ‘பெல்ஜிகா அண்டார்டிகா’ என்ற சிறகில்லாக் கொசு போன்ற பூச்சி. நீளம் சில மில்லிமீட்டர். அந்த நிலத்தின் ‘யானை’ அதுதான்.

இன்னொரு பெயர், ஹோப் பே, அதாவது நம்பிக்கை விரிகுடா. 1902 டிசம்பர் கடைசியில் ஸ்வீடன் பயணக் குழுவின் ‘அண்டார்டிக்’ கப்பல் மூன்று பேரை அங்கே இறக்கிவிட்டது. சறுக்கு வண்டியோடு நடந்துபோய், ஸ்னோ ஹில் தீவில் தங்கியிருந்த தலைவர் ஓட்டோ நார்டென்ஷெல்டை அழைத்துவர வேண்டும். போகும் வழியில் பனி உருகிக் கடல் திறந்து கிடந்தது. போக முடியவில்லை. திரும்பி வந்து கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கப்பல் பனியில் நசுங்கிப் பிப்ரவரியில் மூழ்கிவிட்டது, அது இவர்களுக்குத் தெரியாது. கல்லை அடுக்கி ஒரு குடிசை கட்டினார்கள். பென்குயினும் சீலும்தான் சாப்பாடு. தகர டப்பாவில் சீல் கொழுப்பை ஊற்றி எரித்ததுதான் விளக்கு. குளிர்காலம் முழுக்க அந்தப் புகையிலேயே இருந்தார்கள். குளிர்காலம் முடிந்ததும், செப்டம்பர் கடைசியில், உறைந்த கடல்மேல் நடக்கத் தொடங்கி, அக்டோபரில் வேகா தீவின் ஒரு முனையில் எதிரே வந்த நார்டென்ஷெல்டைப் பார்த்துவிட்டார்கள். தலை முதல் கால்வரை கரி. சொந்தக் குழுத் தலைவருக்கே இவர்களை அடையாளம் தெரியவில்லை. அந்த முனைக்கு ‘வெல்மெட்’, நல்ல சந்திப்பு, என்று பெயர். குளிர்காலம் கழித்த விரிகுடாவுக்கு ‘நம்பிக்கை’.

அந்த விரிகுடாவில்தான் 1952-இல் அர்ஜென்டினா தளம் அமைத்தது. தளத்தின் பெயர் எஸ்பெரான்ஸா. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை. பெயரை மாற்றவில்லை, மொழியை மாற்றினார்கள். கல் குடிசையின் மிச்சம் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வியை இங்கேயே தொட வேண்டியிருக்கிறது. 1928 டிசம்பர் 20 அன்று ஆஸ்திரேலியர் ஹியூபர்ட் வில்கின்ஸ், டிசெப்ஷன் தீவின் எரிமலைச் சாம்பல் ஓடுதளத்திலிருந்து விமானத்தில் கிளம்பித் தீபகற்பத்தின் நெடுகப் பறந்தார். அதற்கு முன் யாரும் அதை மேலிருந்து பார்த்ததில்லை. கீழே பார்த்தவருக்கு என்ன தெரிந்தது? மலை முதுகைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் ஆழமான பள்ளங்கள், தட்டையான வெள்ளைத் தரை, கரைக்குக் கரை. கடல் உறைந்த கால்வாய்கள் என்று முடிவு செய்தார். கிரேன் கால்வாய், கேசி கால்வாய், ஸ்டெஃபான்சன் நீரிணை என்று பெயர் வைத்தார். அப்படியானால் இது தீபகற்பமே இல்லை, தீவுக்கூட்டம்! சில வரைபடங்கள் அப்படியே மாறின.

வில்கின்ஸ் வைத்த பெயர்களில் அவருடைய செலவுக் கணக்கே தெரியும். பணம் கொடுத்த பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட்டுக்கு ஒரு ‘லேண்ட்’. உதவிய டெட்ராய்ட் விமானச் சங்கத்துக்கு ஒரு பீடபூமி. விமானத்தின் ‘வேர்ல்விண்ட்’ எஞ்சினுக்கு ஒரு குடா. எஞ்சின் ஆயிலுக்கு ஒரு குடா, மொபிலாயில் இன்லெட்! நான் கேலி செய்யவில்லை, இன்றைய அதிகாரபூர்வப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1934 முதல் 1937 வரை ஜான் ரைமில் தலைமையில் 16 பேர் கொண்ட ஒரு சிறு குழு, நாய் வண்டிகளும் ஒரு குட்டி விமானமுமாக, தரையில் நடந்தே போய்ப் பார்த்தது. கால்வாய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பனியாறுகள். மேலிருந்து பார்த்தவருக்குச் சரிவு தெரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளையின் மேல் வெள்ளையில் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குப் பிடிபடாது. தீவுக்கூட்டம் மறுபடி தீபகற்பம் ஆனது. கிரேன் கால்வாய் இன்று கிரேன் பனியாறு.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. பெல்லிங்ஸ்ஹவுசன் 1821-இல் பார்த்துத் தன் ஜார் மன்னர் பெயரில் வைத்த ‘அலெக்சாந்தர் லேண்ட்’ கண்டத்தோடு சேர்ந்தது என்றுதான் நூறு ஆண்டுக்கு மேல் நினைத்தார்கள். ரைமில் குழு அதற்கும் தீபகற்பத்துக்கும் நடுவே ஆறாம் ஜார்ஜ் நீரிணையைக் கண்டது. 1940-இல் அமெரிக்கர் இருவர் நாய் வண்டியில் அந்த நீரிணையின் மறுகோடிவரை போய், அது முழுத் தீவு என்று உறுதி செய்தார்கள். அண்டார்டிகாவின் மிகப் பெரிய தீவு அது, சுமார் 49,000 சதுர கி.மீ. பிரெஞ்சுக்காரர் ஷார்கோ நரம்பியல் மருத்துவரான தன் அப்பா பெயரில் வைத்த ‘ஷார்கோ லேண்ட்’டும் தீவாகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் சாட்சாத் வில்கின்ஸ்தான். ஆக ஒரு பக்கம் இல்லாத தீவுகளை உண்டாக்கினார், இன்னொரு பக்கம் இருந்த தீவைச் சரியாகச் சொன்னார்.

அரசியல் இல்லாமல் இந்தப் பெயர்க் குழப்பம் இத்தனை நாள் நீடித்திருக்காது. 1908-இல் பிரிட்டன் ஓர் அரச ஆணை போட்டு, கிரகாம் லேண்ட் உள்பட 50 டிகிரிக்குத் தெற்கே, 20 முதல் 80 டிகிரி மேற்குத் தீர்க்கரேகைவரை உள்ள நிலமெல்லாம் தனது என்றது. அட்லஸை எடுத்து அந்த எல்லையை விரல் வைத்துப் பாருங்கள், தென் அமெரிக்காவின் வால்பகுதியும், சிலி, அர்ஜென்டினா நாடுகளின் சொந்த மண், அதற்குள் வந்துவிடும்! 1917-இல் திருத்தினார்கள். அப்புறம் 1940-களில் சிலி 53 முதல் 90 டிகிரிவரை, அர்ஜென்டினா 25 முதல் 74 டிகிரிவரை என்று கோரின. மூன்று கோரிக்கையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இந்தத் தீபகற்பத்தின் மேல்தான்.

பெயர் அப்போது பட்டா மாதிரி ஆகிவிட்டது. சிலிக்கு இது ‘ஓஹிகின்ஸ் நிலம்’. அர்ஜென்டினாவுக்கு ‘சான் மார்ட்டின் நிலம்’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓஹிகின்ஸும் சான் மார்ட்டினும் எதிரிகள் இல்லை. 1817-இல் ஆண்டீஸ் மலையை ஒன்றாகத் தாண்டிப் போய்ச் சாகாபூகோவில் ஸ்பானியப் படையைத் தோற்கடித்த தோழர்கள். அந்த இருவர் பெயரையும் ஒரே நிலத்தில் போட்டிக்கு வைத்திருக்கிறார்கள் பேரப்பிள்ளைகள். பிரான்ஸ்ஃபீல்டைப் போலவே ஓஹிகின்ஸுக்கும் அயர்லாந்து வேர், அவருடைய அப்பா அங்கிருந்து வந்தவர்.

பட்டா இருந்தால் போதுமா, குடியிருக்க வேண்டாமா? 1944-இல், உலகப் போருக்கு நடுவே, பிரிட்டன் ரகசியமாக ஆட்களை அனுப்பி டிசெப்ஷன் தீவிலும் லாக்ராய் துறைமுகத்திலும் தளம் போட்டது. கூடவே அஞ்சல் அலுவலகமும் திறந்தது. பாக்லாந்து தீவுகளின் தபால்தலையை எடுத்து, அதன்மேல் ‘கிரகாம் லேண்ட்’ என்று ஒரு வரியும், ‘சார்ந்த பகுதி’ என்ற பொருளில் இன்னொரு வரியும் அச்சடித்தார்கள். தபால்தலை சேர்ப்பவர்கள் பூதக்கண்ணாடியில் அந்தத் தலையைப் பார்த்தால் முழு வாதமும் தெரியும்: ராஜா தலை, தீவின் பெயர், அதற்கு மேலே அவசரமாக ஏறிய அடுத்த நிலத்தின் பெயர். கடிதம் போட ஆள் இல்லாத இடத்தில் தபால்தலை எதற்கு? அஞ்சல் முத்திரை விழுந்தால் அங்கே அரசாங்கம் நடக்கிறது என்று காட்டலாம். அதற்குத்தான். 1948-இல் சிலியின் அதிபர் கொன்சாலஸ் விதேலா தானே நேரில் போய் ஓஹிகின்ஸ் தளத்தைத் திறந்துவைத்தார். 1952-இல் நம்பிக்கை விரிகுடாவில் இறங்கிய பிரிட்டிஷ்காரர்களின் தலைக்கு மேலே அர்ஜென்டினா வீரர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஆள்சேதம் இல்லை, பிறகு அர்ஜென்டினா வருத்தம் தெரிவித்தது. 1978 ஜனவரியில் எஸ்பெரான்ஸாவில் ஒரு குழந்தை பிறந்தது, அண்டார்டிகாவின் நிலப்பரப்பில் பிறந்த முதல் மனிதக் குழந்தை. கர்ப்பிணியை அங்கே அழைத்துப் போனது தற்செயல் இல்லை.

1959-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தம் இந்தக் கோரிக்கைகளை அப்படியே உறைய வைத்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் புதிதாகக் கேட்கவும் முடியாது. (இந்தியா 1983-இல் சேர்ந்தது. நம் மைத்ரி, பாரதி தளங்கள் இருப்பது கண்டத்தின் வேறு பக்கத்தில், இந்தத் தீபகற்பத்தில் இல்லை.)

பெயர்ச் சண்டையில் அமெரிக்காவும் பிரிட்டனும் 1964-இல் ராசிக்கு வந்தன. முழு நிலத்துக்கும் ‘அண்டார்டிக் தீபகற்பம்’. வடபாதி கிரகாம் லேண்ட். தென்பாதி பால்மர் லேண்ட். ஜெரமி முனையிலிருந்து அகாசி முனைவரை, சுமார் 69 டிகிரியில், நடுவே ஒரு கோடு. எல்லைக் கோட்டின் ஒரு நுனிக்குப் பெயர் தந்த ஜெரமி யார் என்று பார்த்தால், ரைமில் குழுவுக்காக ஊரில் இருந்து வேலை பார்த்த நண்பரின் மகன்.

ஆளுக்குப் பாதி, நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பால்மர் பார்த்தது வட நுனியருகே. அவர் பெயரைத் தாங்கிய நிலம் தொடங்குவது அங்கிருந்து 500 கி.மீ.க்கும் மேல் தெற்கே. அந்த 21 வயது வாலிபர் கண்ணால் கண்ட நிலம் இன்று கிரகாம் பெயரில் இருக்கிறது, காணாத நிலம் அவர் பெயரில் இருக்கிறது. ஆகவே உங்கள் பழைய அட்லஸின் ‘கிரகாம் லேண்ட்’ முழு வாலையும் குறிக்கும், புதிய வரைபடத்தின் ‘கிரகாம் லேண்ட்’ வடபாதியை மட்டும் குறிக்கும். ஆரம்பத்தில் ‘கிட்டத்தட்ட’ என்றேனே, அது இதுதான். சிலியும் அர்ஜென்டினாவும் தங்கள் பெயர்களை விடவில்லை, ஆனால் ‘அண்டார்டிக் தீபகற்பம்’ என்பதன் ஸ்பானிய வடிவத்தையும் சேர்த்தே புழங்குகின்றன. யார் பெயரும் இல்லாத பெயர் என்பதால் யாருக்கும் அதில் வருத்தமில்லை.

சிறு இடங்களில் குழப்பம் தீரவில்லை. வடமுனைக்கு எதிரே உள்ள ஒரு தீவு ஆங்கிலத்தில் கிங் ஜார்ஜ், அர்ஜென்டினாவில் ‘மே 25’ (அவர்களுடைய புரட்சி நாள்), ரஷ்யாவில் வாட்டர்லூ. மறுபக்கம், 1950-களில் விமானப் படங்கள் வந்தபின் பிரிட்டிஷ் பெயர்க் குழுவிடம் பெயரில்லாத பனியாறுகள் குவிந்துவிட்டன. அரசர்கள் தீர்ந்துபோனார்கள். தலைப்பு வாரியாக வைக்கத் தொடங்கினார்கள். அலெக்சாந்தர் தீவில் இசைக்காரர்கள்: பீத்தோவன் தீபகற்பம், பாஹ் பனித்தட்டு (நிலத்துப் பனி கடல்மேல் நீண்டு மிதப்பதுதான் பனித்தட்டு). ஒரு கரையில் விமான முன்னோடிகள். இன்னொரு கரையில் சத்துக்குறை நோயோடு போராடியவர்கள்: வைட்டமின் என்ற சொல்லுக்கு வழிவகுத்த ஃபங்க், ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை கொடுத்துப் பார்த்த லிண்ட், அப்புறம் டகாகி முனை. டகாகி ஜப்பானியக் கடற்படை மருத்துவர். தீட்டிய வெள்ளையரிசியே தின்ற மாலுமிகளுக்கு பெரிபெரி வருவதைக் கண்டு சாப்பாட்டை மாற்றி அதை விரட்டியவர். பனிக்கட்டிக்கு நடுவே அரிசிச் சோற்றின் கதை ஒன்று நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது பனியை எடுத்துவிட்டால்? சுருக்கமான பதில்: முழுத் தீபகற்பமாக இருக்காது. பனிக்கடியில் பாறை ஒரே தொடர்ச்சியாக இல்லை. ஆழமான பள்ளங்கள் குறுக்கே ஓடுகின்றன, சிலவற்றின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே. மேலே கனத்த பனி பாறையோடு அழுந்தி உட்கார்ந்து, மலைத்தீவுகளை ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறது. பனியின் பாரம் போனால் நிலமும் மெல்ல எழும் என்பதால், இன்றைய அளவை வைத்து இத்தனை தீவு என்று எண்ணிவிட முடியாது.

இந்த இடத்துக்கு நம் சொற்கள் நன்றாகப் பொருந்துகின்றன. தீபகற்பம் என்பது வடமொழி ‘த்வீப கல்ப’ என்பதிலிருந்து வந்தது. தீவு போன்றது, ஏறக்குறையத் தீவு. பழைய தமிழ் நடையில் தீவக்குறை என்பார்கள், குறைபட்ட தீவு. ஈழத்து வாசகர்களுக்குக் குடாநாடுதான் வாயில் வரும், யாழ்ப்பாணக் குடாநாடு என்று சொல்லிச் சொல்லிப் பழகியது. அண்டார்டிக் குடாநாடு என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் பனியால் மட்டும் தீவாகாமல் நிற்கும் ஒரு நிலத்துக்குத் தீவக்குறையைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்த மொழியிலும் பார்க்கவில்லை.

அந்தப் பனியும் அப்படியே இருந்துவிடவில்லை. 1893-இல் நார்வே திமிங்கல வேட்டைக்காரர் கார்ல் அன்டன் லார்சன் ‘ஜேசன்’ கப்பலில் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போனார். அவர் பார்த்த பனிச்சுவர் லார்சன் பனித்தட்டு என்று பெயர் பெற்றது. அதன் ‘ஏ’ பகுதி 1995-இல் உடைந்துபோனது. ‘பி’ பகுதியில் சுமார் 3,250 சதுர கி.மீ. 2002-இல் ஐந்தே வாரத்தில் நொறுங்கியது. ‘சி’யிலிருந்து 2017 ஜூலையில் சுமார் 5,800 சதுர கி.மீ. பனிப்பாறை ஒன்று பிரிந்து போனது. முட்டுக்கொடுத்த தட்டு போனதும் பின்னால் இருந்த பனியாறுகள் வேகமெடுத்தன. அவற்றில் ஒன்று கிரேன். அதன் வாய்ப்பகுதி பல கி.மீ. பின்வாங்கி, பனி இருந்த பள்ளத்தில் கடல்நீர் புகுந்தது. வில்கின்ஸ் கால்வாய் என்று எழுதி, ரைமில் அடித்துத் திருத்திய அதே பள்ளம்.

மகளின் படத்துக்கு வருகிறேன். வாலின் நெடுக ‘அண்டார்டிக் தீபகற்பம்’ என்று எழுதச் சொல்லுங்கள். இடமிருந்தால் 69 டிகிரியில் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று போட்டு, மேலே கிரகாம் லேண்ட், கீழே பால்மர் லேண்ட். கரைக்கோட்டை மட்டும் பேனாவில் வரைய வேண்டாம், குறிப்பாகக் கிழக்குப் பக்கம். பென்சில் போதும்.